கதவில்லாத அறையில் தண்ணீர்

திங்கட்கிழமை மத்தியானம் மூன்றே முக்காலுக்கு என் நாத்தனாரின் நாலு வருஷ உழைப்பை ஒரே வரியில் முடித்து வைத்தேன். 'பாக்கெட்: பூஜ்யம்.' முடித்தது நானில்லை, நான் எழுதிய புரோகிராம். ஆனால் அந்த மாதிரி நுணுக்கமெல்லாம் எங்கள் வீட்டில் எடுபடாது.

யார் என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் என் நாத்தனாரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். அவள் கீழ்த்தளம், நான் மூன்றாவது மாடி. அவளுக்கு முப்பத்து நாலு வயதாகிறது. கடைக்குட்டி என்பதால் வீட்டில் இன்னும் பாப்பாதான். நோய்க் கிருமிகளிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து, உப்புக் கரைசலில் சொட்டுச் சொட்டாக வைத்து, அது படிகமாகிறதா என்று தட்டுத் தட்டாகப் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை. பெரும்பாலும் ஆகாது. தப்பித்தவறி ஆகிவிட்டால், அதன்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, எந்த அணு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு ஃபைலில் எழுதி எனக்கு அனுப்புவாள். அணுவுக்கு ஒரு வரி. வரிக்கு மூன்று எண்கள்: இடம் வலம், முன் பின், மேல் கீழ்.

அந்த எண்களிலிருந்துதான் என் வேலை ஆரம்பிக்கிறது. எனக்கு வேதியியல் அரைகுறை. வடிவக் கணிதம் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே வரும். அணுக்களை நாலு நாலாகச் சேர்த்துக் கோடு போட்டால் இடம் முழுவதும் நான்முகிகளாகப் பிரிந்துவிடும். ஒரு நான்முகிக்கும் பக்கத்து நான்முகிக்கும் நடுவே ஒரு முக்கோணம். அதன் மூலைக்கு ஒன்றாக மூன்று அணுக்கள். அவற்றின் இடையே ஒரு தண்ணீர் மூலக்கூறு நுழைகிற அளவு சந்து இருந்தால் அது வாசல், இல்லாவிட்டால் சுவர். இப்படி வாசல் வாசலாகத் தாண்டி வெளியே வர முடிகிற காலியிடத்துக்கு எங்கள் ஆபீஸில் பாக்கெட் என்று பெயர். மருந்து போய் உட்கார அந்த இடம் வேண்டும். பாக்கெட் இல்லாத புரதத்துக்கு மருந்து தேடுவதும், மூடின கடை முன்னால் க்யூவில் நிற்பதும் ஒன்று.

வியாழக்கிழமை டைரக்டர் மீட்டிங். லிஸ்டில் ஏழு புரதங்கள் இருந்தன. மூன்றுதான் தொடரும். மீதி நாலுக்கும் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பாப்பாவுடையது படிகமாக மட்டும் இரண்டரை வருஷம் அடம் பிடித்த புரதம். பாக்கெட் இல்லையென்றால் அதைப் பற்றி அங்கே பேசக்கூட மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நாலு மணிக்கு அவள் மாடியேறி வந்தாள். லிஃப்ட் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கோபம் வந்தால் படியில்தான் வருவாள்.

"மேடம், ஒரு நிமிஷம் பேசலாமா?"

ஆபீஸில் அவள் என்னை மேடம் என்றால் நிலைமை சரியில்லை என்று அர்த்தம்.

"சொல்லு."

"இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க."

"பத்து தடவை ஓட்டினாலும் அதேதான் வரும். ஆளுக்கு ஆள் மாத்திச் சொல்றதுக்கு இது என்ன ஜோசியமா? கணக்கு."

"உங்க புரோகிராம்ல தப்பே வராதா?"

"எட்டு வருஷமா வரல."

இதைச் சொன்னபோது என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. அவள் திரும்பிப் போகும் வழியில் நடைக்கூடத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். அங்கே சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறது. என் புரோகிராம் முதன்முதலில் கண்டுபிடித்த பாக்கெட். நீலமும் சாம்பலுமாக, நடுவில் அழகான ஒரு குகை. அந்தப் படத்தால்தான் நாலு பேருக்கு என்னைத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் அதற்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, அளவு நாடா வைத்து அளந்து, தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டியவள் பாப்பாதான். ஆணி கோணல், படம் மட்டும் எப்படியோ நேராக நின்றது. அன்றைக்கு அவள் குதித்த குதியைப் பார்த்தவர்கள், கண்டுபிடித்தது அவள்தான் என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஆபீஸ் பேச்சைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட வேண்டும். சட்டம் போட்டது நான். அன்று சாயங்காலம் அதை உடைத்தது என் மாமியார்.

"ஏம்மா, இவளோடதுல ஓட்டையே இல்லைன்னு எழுதிட்டியாமே?"

"இருந்தா இருக்குன்னு எழுதியிருப்பேன் அத்தை."

"ஒண்ணே ஒண்ணு, சின்னதா போட்டுக் குடுத்தா என்ன? உன் கம்ப்யூட்டர்தானே?"

கண்ணாடிக் கடை வைத்திருக்கிற என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. தங்கை பக்கம் ஒரு பார்வை, பெண்டாட்டி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று தட்டைப் பார்க்க ஆரம்பித்தார். பாப்பா சிரிக்கவில்லை. அவள் அம்மா ஜோக்கடித்தால் முதலில் சிரிப்பவள் அவள்தான்.

சாப்பிட்டு முடித்ததும் நான் பாத்திரம் தேய்க்க, அவள் துடைத்து அடுக்கினாள். வழக்கமாக இந்த நேரத்தில்தான் ஊர்க் கதையெல்லாம் பேசுவோம். அன்று தட்டுச் சத்தம் மட்டும்தான்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன். கோபப்படாதீங்க."

"நான் எப்ப கோபப்பட்டேன்?"

முன்னறையிலிருந்து அத்தை இருமினார்.

"உள்ள மூணு தண்ணி இருக்கே," என்றாள் பாப்பா. "வாசலே இல்லன்னா அது எப்படி உள்ள போச்சு?"

"எந்தத் தண்ணி?"

"ஃபைல்ல எழுதியிருக்கேனே. நடுவுல, மூணு தண்ணி மூலக்கூறு. தெளிவாத் தெரியுது."

நான் பார்த்ததில்லை. பார்த்திருக்கவும் முடியாது. ஃபைலைத் திறந்ததும் என் புரோகிராம் செய்கிற முதல் வேலை தண்ணீரையெல்லாம் பெருக்கி வெளியே கொட்டுவதுதான். புரதத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர் எங்கள் கணக்குக்கு இடைஞ்சல், எல்லாருமே அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அதை அப்போது ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

"புரதம் மடியறப்பவே உள்ள மாட்டியிருக்கும். அப்படி ஆகறது உண்டு," என்றேன்.

"இருக்கலாம்," என்றாள்.

அவள் சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். 'இருக்கலாம்' என்று சொல்லிவிட்டுத் துணியை உதறிக் காயப்போட்டுவிட்டுப் போனாள். அந்த ஒரு சொல் என்னைத் தூங்க விடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்குள் நுழைந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் அவளுடைய ரிப்போர்ட்டைத் திறந்தேன். பாக்கெட் பூஜ்யம் என்ற வரிக்கு ஆறு வரி கீழே இன்னொரு வரி உண்டு. அதை யாரும் படிப்பதில்லை. எழுதிய நானே படிப்பதில்லை. 'அடைபட்ட வெற்றிடம்: ஒன்று. முந்நூற்று நாலு கன ஆங்ஸ்ட்ராம்.' ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரைக் கோடி துண்டாக்கினால் வரும் ஒரு துண்டு. எங்கள் உலகத்தில் முந்நூற்று நாலு என்பது நல்ல விசாலமான அறை. ஒரு மருந்து மூலக்கூறு போய்க் கால் நீட்டி உட்காரலாம். நாலு பக்கமும் சுவர் எழுப்பி, வாசல் வைக்காமல், இவ்வளவு பெரிய அறையைப் புரதம் எதற்காகக் கட்டி வைத்திருக்கிறது?

அறையின் சுவர் மொத்தம் நாற்பத்தாறு முக்கோணங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாற்பத்து நாலு கெட்டிச் சுவர். மீதி இரண்டும் ஒரே இடத்தில், ஒரே ஆளை நம்பி நின்றன. நூற்றுப் பதினெட்டாம் எண் அமினோ அமிலத்தின் நுனியில் இருக்கும் ஆறு கார்பன் வளையம். மூடி மாதிரி படுத்திருந்தது. அது மட்டும் கொஞ்சம் நகர்ந்தால் வழி திறந்துவிடும்.

நகருமா?

எட்டு வருஷத்தில் நான் செய்யாத ஒரு காரியத்தை அப்போது செய்தேன். புரோகிராமை விட்டுவிட்டு, பாப்பா அனுப்பிய ஃபைலை நானே வரி வரியாகப் படித்தேன். மேலேயே குறிப்பு எழுதி வைத்திருந்தாள். 'நூற்றுப் பதினெட்டு இரண்டு நிலைகளில் தெரிகிறது. ஏ நிலை ஐம்பத்து நாலு சதவீதம். பி நிலை நாற்பத்தாறு சதவீதம். இரண்டும் நிஜம்.'

ஒரு படிகத்துக்குள் அதே புரதம் கோடிக்கணக்கில் அடுக்கியிருக்கும். எக்ஸ் கதிர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கும். அதில் நூற்றுக்கு ஐம்பத்து நாலில் வளையம் படுத்திருக்கிறது, நாற்பத்தாறில் எழுந்து ஒதுங்கி நிற்கிறது. பாப்பா இரண்டையும் பார்த்து, இரண்டுக்கும் தனித்தனியாக வரி போட்டு, மெனக்கெட்டு எழுதியிருக்கிறாள். என் புரோகிராமுக்கு ஒன்றுதான் வந்து சேர்ந்திருக்கிறது. இன்னொன்று எங்கே போனது?

என் பழைய வரிகளைத் தேடிப் போனேன். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரே அணு இரண்டு இடத்தில் இருந்தால் நான்முகிகள் அப்பளம் மாதிரித் தட்டையாகிக் கணக்கு தடம் புரளும். புரோகிராம் முக்கி முனகி நின்றுவிடும். அதனால் எட்டு வருஷத்துக்கு முன் ஒரு அவசரத்தில், 'சதவீதம் அதிகமுள்ளதை வைத்துக்கொள், மற்றதை விட்டுவிடு' என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். பக்கத்தில் எனக்கு நானே ஒரு குறிப்பும் போட்டிருக்கிறேன். 'இப்போதைக்கு.'

அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. பிறகு மறுபடி வெட்கம். ஐம்பத்து நாலு ஓட்டு வாங்கினவனை உட்காரவைத்து, நாற்பத்தாறு வாங்கினவனை ஊரை விட்டே அனுப்பியிருக்கிறேன். அந்த நாற்பத்தாறில்தான் பாப்பாவின் வாசல் இருந்தது.

உடனே கீழே ஓடி அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது. எழுந்தும்விட்டேன். படிக்கட்டு வரை போய்த் திரும்பி வந்தேன். மீட்டிங்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது, புரோகிராம் எழுதியவள் அதை மாற்றுகிறாள், மாற்றியதும் அவள் நாத்தனாருக்கு மட்டும் பாக்கெட் கிடைக்கிறது. நாலு பேர் என்ன பேசுவார்கள்? நானே அவர்கள் இடத்தில் இருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அத்தை சொன்ன மாதிரி, ஒன்றே ஒன்று, சின்னதாகப் போட்டுக் கொடுத்துவிட்டாள் என்றுதான் பேசியிருப்பேன்.

ஆகவே ஒரே வழிதான் இருந்தது. பாப்பாவின் ஃபைலுக்கு மட்டும் இல்லை, இந்த எட்டு வருஷத்தில் என்னிடம் வந்த முந்நூற்று நாற்பது ஃபைல்களுக்கும் புது முறையைப் போட வேண்டும். ஏ நிலையை வைத்து ஒரு தடவை, பி நிலையை வைத்து ஒரு தடவை. என்ன வருகிறதோ வரட்டும். அதுவரைக்கும் பாப்பாவிடம் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

செவ்வாய் மத்தியானம் எழுதினேன், புதன் காலையில் ஓட்டினேன். ஒவ்வொரு ஃபைலாக முடிந்து வரிகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. பெரும்பாலும் ஒரு மாற்றமும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன், நான் அவ்வளவு மோசமில்லை. மொத்தம் பதினொன்று மாறின. ஐந்தில், இல்லை என்று நான் சொன்ன இடத்தில் வாசல் இருந்தது. ஆறில், இருக்கிறது என்று நான் சொன்ன வாசல் சில நேரம் மூடியிருந்தது.

அந்த ஆறில் ஒன்று, நடைக்கூடத்துச் சுவரில் தொங்குகிற என் குகை.

அறுபத்தொரு சதவீதம் திறந்திருக்கிறது, முப்பத்தொன்பது சதவீதம் அடைத்திருக்கிறது. எட்டு வருஷமாக எந்த மேடையில் ஏறினாலும் 'எப்போதும் திறந்த வாசல்' என்று நான் வாய் கிழியப் பேசிய பாக்கெட். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த வரியை அழித்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. ஒரு ஃபைல்தானே. முந்நூற்று முப்பத்தொன்பது என்று சொன்னால் யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? பாப்பாவின் புரதத்துக்கும் என் படத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவளுக்கு அவள் வாசல் கிடைத்துவிடும், எனக்கு என் படம் மிஞ்சும்.

ஐந்து நிமிஷம் அப்படித்தான் நின்றேன். பிறகு, 'இரண்டும் நிஜம்' என்று அவள் எழுதி வைத்திருந்தது ஞாபகம் வந்தது. நாற்பத்தாறு சதவீதத்தைக்கூட விட மனசில்லாமல் எழுதியவளின் அண்ணி, முப்பத்தொன்பதை மறைத்தாள் என்று இருக்கக் கூடாது. திரும்பி வந்து அந்தப் படத்தையே முதல் பக்கமாக வைத்தேன்.

அன்று சாயங்காலம் பாப்பா வீட்டுக்கு ஒரு கட்டு லேபிள் கொண்டுவந்திருந்தாள். மேஜையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றிலும் 'அப்புறப்படுத்தவும்' என்று முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய படிகத் தட்டுகளில் ஒட்டுவதற்கு. மேஜையைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். அத்தை என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் பேசிக்கறது இல்லையா?"

"பேசிக்கிட்டுதான் இருக்கோம் அத்தை."

"எப்போ? நான் தூங்கறப்பவா?"

"லேபிளை நாளைக்கு எழுதிக்கலாமே," என்றேன் பாப்பாவிடம்.

"நாளைக்கு மனசு வராது அண்ணி," என்றாள், தலை நிமிராமல்.

மறுநாள் காலை பத்து மணி. மீட்டிங் அறையில் ஏழு புரதங்களின் சொந்தக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா கடைசி நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள். டைரக்டர் நல்ல மனிதர், ஆனால் எதையும் சட்டென்று நம்ப மாட்டார். அவரும் ஒரு காலத்தில் புரதத்தோடு மல்லுக்கட்டியவர். ஆறு வருஷத்துக்கு முன் என் புரோகிராம் அவருடையதுக்கும் 'பூஜ்யம்' என்று சொன்னது. அதன் பிறகுதான் நிர்வாகத்துக்குப் போனார்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எனக்குப் பத்து நிமிஷம் வேணும்," என்றேன்.

முதலில் அந்தப் பழைய வரியைத் திரையில் போட்டேன். பக்கத்தில் 'இப்போதைக்கு' என்ற குறிப்போடு. எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதியையும் காட்டினேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஏன் எழுதினேன், அதனால் என்ன ஆனது என்று மறைக்காமல் சொன்னேன். அடுத்து நடைக்கூடத்துப் படம். பக்கத்திலேயே அதே குகை, வாசல் அடைபட்டு. சிரிப்பு நின்றது.

"இது நூத்துக்கு அறுபத்தொண்ணுதான் திறந்திருக்கு. எப்பவும் திறந்திருக்குன்னு நான் சொன்னது தப்பு. எழுத்துல திருத்தம் அனுப்பப் போறேன்," என்றேன். தண்ணீர் குடித்தேன். பிறகு மற்ற பத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். கடைசியாகப் பாப்பாவின் நூற்றுப் பதினெட்டு.

படுத்திருந்த வளையம் எழுந்து ஒதுங்கியது. அறை திறந்தது. உள்ளே மூன்று தண்ணீர்.

பாப்பாவின் மடியிலிருந்து பை கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. கேக்க வேண்டியது என் கடமை. மீட்டிங்குக்கு ரெண்டு நாள் முன்னாடி புரோகிராமை மாத்தியிருக்கீங்க. இது யாரோடதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். யாருக்காக மாத்தினீங்க?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அது வந்ததால்தான் பேச்சும் வந்தது.

"கதவு இல்லாத அறைக்குள்ள தண்ணி எப்படிப் போச்சுன்னு அவ என்னைக் கேட்டா சார். எனக்குப் பதில் தெரியல. எட்டு வருஷத்துல வேற யாரும் இதைக் கேக்கல, நான் உட்பட. அவ என் நாத்தனாரா இல்லன்னா பாத்திரம் தேய்க்கற இடத்துல வந்து கேட்டிருக்க மாட்டா. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? என் கல்யாணத்தை மாத்த முடியாது, புரோகிராமைத்தான் மாத்த முடியும்."

அறை கொல்லென்று சிரித்தது. டைரக்டரும் சிரித்தார். பிறகு அவர் கையை நீட்டி, திரையை முதல் பக்கத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். அடைபட்டுப்போன என் குகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாத்தனாருக்காக மட்டும்னா இதைக் காட்டியிருக்க மாட்டீங்க," என்றார். அப்புறம், மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "என்னோடதையும் ஓட்டினீங்களா?" என்று கேட்டார்.

"ஓட்டினேன் சார். ஏ நிலையிலயும் இல்ல, பி நிலையிலயும் இல்ல. உங்களோடது நிஜமாவே மூடித்தான் இருக்கு."

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தார். "ஆறு வருஷமா உறுத்திக்கிட்டே இருந்தது. இனிமே நிம்மதியா ஃபைல்ல கையெழுத்துப் போடுவேன்."

பிறகு பாப்பாவின் பக்கம் திரும்பினார். "நூத்துக்கு ஐம்பத்து நாலு மூடியிருக்கேம்மா. அப்ப மருந்து வந்தா என்ன பண்ணும்?"

பாப்பா எழுந்து நின்றாள். "காத்திருக்கும் சார். அந்த வளையம் ஒரு நொடிக்குள்ள எத்தனையோ தடவை திறந்து மூடும். ரொம்ப நேரம் நிக்க வேண்டாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள், "நானே நாலு வருஷம் நின்னுட்டேன்."

பதினொன்றே காலுக்கு லிஸ்ட் முடிவானது. அவளுடையது இரண்டாவது இடத்தில் இருந்தது.

வெளியே வந்ததும் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னை முறைத்தாள். "நேத்து நான் லேபிள் எழுதினப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எண்பத்து ரெண்டு லேபிள் எழுதினேன் அண்ணி!"

"கையெழுத்து நல்லா இருந்துச்சு," என்றேன். அதற்கப்புறம்தான் கட்டிக்கொண்டாள். முதுகில் ஒரு குத்தும் விழுந்தது. வலித்தது. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் அத்தைக்கு விஷயம் போனது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நான் அன்னிக்கே சொன்னேன், ஒண்ணு போட்டுக் குடுன்னு. அதுக்கு இவ்வளவு சுத்தணுமா?" விளக்கிச் சொல்ல நான் வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் கண்ஜாடை காட்டி வேண்டாம் என்றார். அவரும் சில நேரம் சரியாகத்தான் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை சீக்கிரமே ஆபீஸுக்குப் போனேன். படத்தைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிடலாம் என்ற எண்ணம். யாரும் வருவதற்கு முன் அந்த வேலையை முடித்துவிட வேண்டும். மூன்றாம் மாடியில் லிஃப்ட் திறந்தது. எனக்கு முன்னால் யாரோ வந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

படம் சுவரில்தான் இருந்தது. சட்டத்துக்குக் கீழே ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. பின்பக்கம் 'அப்புறப்படுத்தவும்' என்று எழுதியது லேசாகத் தெரிந்தது. முன்பக்கம் முத்து முத்தாக: 'திறந்திருக்கும் நேரம்: நூற்றுக்கு அறுபத்தொன்று. மூடியிருந்தால் சற்று நிற்கவும். இப்படிக்கு, நிர்வாகம்.'

தனியாக நின்று சிரித்தேன். கண்ணும் கலங்கியது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. படம் பழைய இடத்தில் இல்லை. பழைய ஆணியோடு இரண்டு அடி இடது பக்கம் நகர்ந்திருந்தது. அது முன்பு இருந்த இடத்துக்கு வலது பக்கம் புதிதாக ஓர் ஆணி. அதில் இன்னும் எதுவும் மாட்டவில்லை.

அணுவை அரை ஆங்ஸ்ட்ராம்கூடப் பிசகாமல் வைக்கிறவள், இந்த ஆணியையும் கோணலாகத்தான் அடித்திருந்தாள். கீழே போய்க் காவலாளியிடம் சுத்தியல் கேட்டு வாங்கி வந்தேன். இரண்டு ஆணியும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று அளந்து பார்த்து, அவள் படத்துக்கான ஆணியை நேராக அடித்து வைத்தேன்.